செட்டக்காவும் தலைகீழ் மயில்களும்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டால், விருதுநகர் மாவட்டத்தையே சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்பேன். போட்டுக்கொண்டவரை எனக்குத் தெரியும். பெயர் செட்டக்கா. ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருந்ததாகக் கேள்வி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வார்த்தை, 'செட்'.

அதைக் கண்டுபிடித்தது இங்கிலீஷ்காரனாக இருக்கலாம். அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று கண்டுபிடித்தது ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், கருவேலங்காட்டுக்குள் இருந்த எங்கள் பட்டாசு ஆபீஸில்தான். எங்கள் பக்கம் பட்டாசு கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மேசை நாற்காலி இருக்கிறதோ இல்லையோ, ஆபீஸ். அங்கே தீபாவளிக்கான கிஃப்ட் பாக்ஸ் பேக் செய்கிற ஷெட்டின் தலைவி செட்டக்கா. ஷெட்டையும் அவர் 'செட்' என்றுதான் சொல்வார். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நியாயம் நியாயம்தானே.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருஷங்கள். பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு அங்கே 'பேக்கிங் செக்கர்' வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்தவர் யாரும் கிடையாது. அய்யாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ். அம்மாவுக்கும் அதே. பெரியப்பா, அத்தை, சித்தப்பா எல்லோரும் எங்கே போனாலும் இடது பெருவிரலை நீட்டிவிடுவார்கள். எங்கள் தெருவில் மைப் பெட்டியைக் கண்டால் கை தானாக நீளும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவன் வந்து, லோடு ஏறியதும் பேக்கிங் ஸ்லிப்பில் கையெழுத்துப் போடுகிறான். அய்யாவுக்கு அது போதுமாக இருந்தது. டீக்கடையில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார்: "எம் மகன் கையெழுத்துப் போட்டாத்தான்யா லாரி கேட்டத் தாண்டும்."

முதல் நாள் சட்டையை பேன்ட்டுக்குள் செருகிக்கொண்டு போய் நின்றேன். மேசையின் கடைசியில் நின்றிருந்தார் அவர். நாற்பது வயதிருக்கும். எங்கள் பக்கம் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரையும் போல, சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. வீட்டுக்காரர் ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அதனால் அந்தச் சட்டை எத்தனை முறை துவைத்தாலும் பவுடர் பூசியது போலவே இருக்கும். பையில் ஒரு பேனா. அவருக்கு எழுதத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

"பேனா எதுக்குக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சட்டைக்குப் பை இருக்கே தம்பி. பேனா இல்லாட்டி செட்டாகுமா?"

அந்த முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாங்க தம்பி. ஆளு செட்டாத்தான் இருக்கீக. என்ன படிப்பு?"

"பி.ஏ. இங்கிலீஷ்க்கா."

"இங்கிலீசா!" முகம் மலர்ந்துவிட்டது. மேசை நெடுகத் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "ஏட்டி, தம்பி நம்ம செட்டு!"

ஆனால் ஒரு விஷயம். செட்டக்கா உலகத்தில் எல்லோரையும் 'ஏலே', 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். அவரைப் போல இரண்டு மடங்கு இருந்த லோடுமேனை 'ஏலே'. டவுன் பஸ் கண்டக்டரை 'ஏலே'. காலண்டர் கொண்டுவந்த பேங்க் ஆளைக்கூட ஒரு முறை 'ஏலே'. என்னை மட்டும் 'தம்பி, வாங்க, இருங்க, சாப்பிட்டீகளா'. மத்தியானம் எல்லோரும் ஒருவர் தூக்குச்சட்டியில் ஒருவர் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். எனக்கு மட்டும் ஒரு மூடியில் எடுத்துத் தனியாக, மரியாதையாகக் கொண்டுவந்து வைப்பார். படித்தவனாம். நான் நன்றி சொல்லிவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்து மூடியில் சாப்பிடுவேன். குழம்பு நன்றாகத்தான் இருக்கும். உட்கார்ந்த இடம்தான் நன்றாக இருக்காது.

இப்போது அந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீள மேசை. இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்தொரு பெண்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரே ஒரு அயிட்டம் குவிந்திருக்கும். காலிப் பெட்டி தலைமாட்டில் கிளம்பி, கை மாறிக் கை மாறி வரும். ஒவ்வொருத்தியும் தன் அயிட்டத்தைப் போடுவாள். போடும்போது அதன் பேரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது செட்டக்கா போட்ட சட்டம்.

"குருவி! லட்சுமி! ஓலை! சரம்! சக்கரம்! பூச்சட்டி! மத்தாப்பு! பாம்பு!" என்று ஓடி வந்து, கடைசியில் "சாட்டை! பென்சில்!" என்று முடியும். பென்சில் என்றால் எழுதுகிற பென்சில் இல்லை. கையில் பிடித்துக் கொளுத்தினால் நுனியில் பூப்பூவாகப் பொரியுமே, அது. அதுதான் எல்லாவற்றுக்கும் மேலே படுக்கும். அதற்குப் பிறகு செட்டக்கா மூடியைப் போட்டு உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கி, "செட்!" என்பார். அடுத்த பெட்டி.

காலையிலிருந்து சாயங்காலம் வரை இதுதான். செட்டக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தே நான் கண்டதில்லை. ஜன்னல் வழியாக ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். காது மட்டும் மேசையில் இருக்கும். யாராவது ஒருத்தி போட மறந்தால் அவள் பேரும் விழாது. பாட்டில் தாளம் தப்பியது போலச் செட்டக்காவின் புருவம் ஏறும். "நிப்பாட்டு! செட்டாகல. பாம்பு எங்கட்டி?" பாம்பு மாத்திரைக்காரி நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், பெண்களுக்கும் அயிட்டத்தின் பேரே பேராகிவிட்டது. பென்சில் அக்கா வாசலில் நுழையும்போது கொஞ்சம் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும், அவ்வளவு கனம். அணுகுண்டு, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. "லட்சுமி வெடி வீட்டுல விசேசம், குருவி போறா, சாட்டை போறா, நீ வரலியா ஓலை?" என்று பஸ்ஸில் இவர்கள் பேசிக்கொண்டு வந்தால், பக்கத்து சீட்டில் இருக்கும் வெளியூர்க்காரர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார்.

நான் இங்கிலீஷ் படித்தவன். ஒரு வார்த்தையை ஒருவர் இப்படித் துவைத்துக் காயப்போடுவதை எப்படிப் பொறுப்பேன்? இரண்டாவது வாரத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பம்பு செட், மைக் செட், நகை செட், பல் செட் எல்லாம் ஊருக்கே தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டேன். நான் எழுதியது வேறு.

மழை வருமா என்று கேட்டால்: "மேகம் இன்னும் செட்டாகல." ரசத்தை நக்கிப் பார்த்து: "புளி தனியா நிக்கிது, உப்பு தனியா நிக்கிது. செட்டாகல." தொட்டில் பிள்ளை தூங்கிவிட்டால்: "செட்டாயிருச்சு, சத்தம் போடாதீக." குருவியைப் பெண் பார்க்க வந்த இடத்தைப் பற்றி விசாரித்துவிட்டு வந்து ஒரே மூச்சில் தீர்ப்பு: "மாப்ள செட்டு. மாமனாரு செட்டு. மாமியா செட்டாகாது. வேணாம்னு சொல்லுங்க." ஒரு நாள் காலையில் தாமதமாக வந்தார். என்னக்கா என்றேன். "எங்க தெருப் பெரியவரு நேத்து செட்டாயிட்டாரு தம்பி."

"வேலையிலயா?"

"ஏன் தம்பி, தொண்ணூறு வயசுல என்ன வேல? காலமாயிட்டாரு."

நோட்டில் அந்த அர்த்தத்துக்கு வரிசை எண் போட எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் போட்டேன்.

ஒரு தடவை வயிறு சரியில்லை என்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் சிஸ்டர் சிலுவைச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டே கேட்டார், "என்னம்மா செய்யுது?"

"மூணு நாளா செட்டாகல சிஸ்டர்."

நான் முன்னால் போய் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டார். "எப்படி சிஸ்டர் புரிஞ்சது?" என்றேன்.

"வயித்தத் தடவிக்கிட்டே சொல்றாக. இதுல புரியாம இருக்க என்ன இருக்கு?"

அடுத்த வாரம் அந்த சிஸ்டரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவரே கேட்டார்: "என்ன தம்பி, உங்க அக்காவுக்குச் செட்டாயிருச்சா?" அன்றைக்குத்தான் எனக்கு பயம் வந்தது. இது தொத்துகிறது.

அக்காவைத் திருத்தியே தீர்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் போய், லைப்ரரியில் பெரிய இங்கிலீஷ் அகராதியை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினேன். அந்த வார்த்தை இருந்த பக்கத்தைத் திறந்தேன். அடுத்த பக்கம் திருப்பினேன். அதிலும் அதே வார்த்தை. இன்னும் திருப்பினேன். முடிகிற பாடாய் இல்லை. அகராதி எழுதியவனும் இந்த மேசையில் கொஞ்ச நாள் வேலை பார்த்திருப்பானோ என்று தோன்றியது. உறைகிறது செட், ஒடிந்த எலும்பு கூடுகிறது செட், சூரியன் மறைகிறது செட். மறுநாள் வேலை முடிகிற நேரத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறவன் போல அதைச் சொன்னேன். செட்டக்கா கருவேலங்காட்டுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தார்.

"அவனும் நம்மள மாதிரித்தான் தம்பி. சாயங்காலமானா மூடிய அமுக்கிட்டு வீட்டுக்குப் போறான்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி அண்ணாச்சியின் மாப்பிள்ளை மேனேஜராக வந்தார். சென்னையில் நிர்வாகம் படித்தவர். அந்த வெயிலிலும் டை கட்டுவார். ஷெட்டின் ஓரத்தில் தனக்குக் கண்ணாடி அறை ஒன்று போட்டுக்கொண்டார். அவர் வந்த புதிதில் வடக்கே இருந்து ஒரு பெரிய பார்ட்டி சாம்பிள் பார்க்க வந்தார். பார்ட்டிக்கு இந்தி. மேனேஜருக்கு அது தெரியாது. மேனேஜர் பேசிய இங்கிலீஷ் பார்ட்டிக்குத் தெரியாது. "நீ பி.ஏ. இங்கிலீஷ்தானே, பேசு" என்று என்னை முன்னால் தள்ளினார். மூன்று வருஷம் படித்தது முழுவதும் தொண்டைக்குழியில் வந்து கூடிநின்று, ஒன்றை ஒன்று இடித்து, கடைசியில் ஒரே ஒரு வார்த்தை வெளியே விழுந்தது: "வாட்டர்?"

பார்ட்டி தண்ணீர் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

செட்டக்கா ஒரு பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார், பேர் சொல்லிச் சொல்லித் திரும்ப உள்ளே வைத்தார். மூடினார். "செட்?"

பார்ட்டியின் முகம் தெளிந்தது. "செட்!" என்றார். பிறகு விரலை ஆட்டி, பெட்டியிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த ராக்கெட் ஒன்றை வைத்துக் காட்டினார். செட்டக்கா மூடியைப் போட்டார். ராக்கெட்டின் வால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உதட்டைப் பிதுக்கி, "செட்டாகாது" என்றார். பார்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார். இருபது நிமிஷத்தில் பேச்சு முடிந்தது. லாரி நிறைய ஆர்டர். போகும்போது மேனேஜருக்குக் கை கொடுத்தார். செட்டக்காவுக்குக் கை கூப்பினார்.

"நல்ல மனுசன். விசயம் தெரிஞ்சவரு" என்றார் செட்டக்கா.

மேனேஜருக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் செட்டாகியிருக்காது. இரண்டு வாரம் மனசில் வைத்திருந்து, ஒரு நாள் காலையில் மேசைத் தலைமாட்டில் வந்து நின்றார். "இது கம்பெனியா, பஜனை மடமா? சத்தம் குறைஞ்சா உற்பத்தி கூடும். இனிமே யாரும் வாயத் திறக்கக் கூடாது. பேச்செல்லாம் அஞ்சு மணி பெல்லுக்கு அப்புறம்." என்னைக் கூப்பிட்டு ஒரு பலகையைக் கொடுத்து எழுதச் சொன்னார். இருபத்தொரு கட்டம் போட்ட தாள் ஒன்றையும் கொடுத்தார். பெட்டி நகர நகர ஒவ்வொரு அயிட்டத்துக்கும் நான் டிக் அடிக்க வேண்டும். இனிமேல் காது வேண்டாம், தாள் போதும் என்பது ஏற்பாடு.

நான் என்ன செய்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷப்பட்டேன். படிப்புக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது என்று நினைத்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பெயிண்ட் தொட்டு, முத்து முத்தாக எழுதினேன்: 'வேலை நேரத்தில் பேசக் கூடாது.'

செட்டக்கா பலகை முன்னால் வந்து நின்றார். "எழுத்து அழகா இருக்கு தம்பி. என்ன போட்டிருக்கீக?"

"வேலை நேரத்துல பேசக் கூடாதுன்னு."

"அத நீங்களே பேசிட்டீகளே" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். போய் மேசைக் கடைசியில் நின்றுகொண்டார்.

வடக்கத்திப் பார்ட்டியின் லோடு கிளம்ப வேண்டிய கடைசி நாள் அது. வெளியே லாரி நிற்கிறது. மற்றதெல்லாம் ஏறிவிட்டது. கடைசி ஐநூறு சொச்சம் பெட்டிதான் பாக்கி. சத்தமே இல்லாத மேசையை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெண்களின் உதடுகள் மட்டும் அசைந்தன. பெட்டிகள் ஊமையாக ஊர்ந்தன. செட்டக்கா மூடியை அமுக்குவார், உதட்டைக் குவிப்பார், சத்தம் வராது. நான் டிக் அடித்துக்கொண்டே இருந்தேன். டீ நேரத்துக்குப் பிறகு மேனேஜர் வெளியே வந்து, செட்டக்காவின் கையிலிருந்து ஒரு பெட்டியை வாங்கி உயர்த்திக் காட்டினார். "பாத்தியா? சத்தமில்லாம செஞ்ச பெட்டி. இது என் டேபிளுக்கு மாடல்." ரிப்பன் கட்டி அறையில் வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு செட்டக்கா மேசையை விட்டு என்னிடம் நடந்து வந்தார். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, குசுகுசுவென்று சொன்னார்: "தம்பி, செட்டாகல."

என் தாளைப் பார்த்தேன். வரிசையாக டிக். ஸ்கேல் வைத்தது போல நேராக. என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். நான் விரலை நீட்டி, நான் எழுதிய பலகையைக் காட்டினேன்.

செட்டக்கா பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் லாரிப் பக்கம் ஒரு தகராறு. பத்துப் பெட்டி கொள்கிற அட்டைப்பெட்டிகளில் அடைத்து லோடு ஏற்றுவது வழக்கம். அட்டைப்பெட்டியின் பக்கத்தில் பெரிய மயில் படம் அச்சிட்டிருக்கும். லோடுமேன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"யக்கா, மயிலு தலகீழா கெடக்குக்கா!"

"கெடக்கட்டும்லே. தூக்கு."

"பாக்கிறவன் சிரிப்பான்க்கா."

"இங்க நிக்கிற அம்புட்டையும் இப்படியே வைய்யி. இது இப்படித்தான் செட். ஏலே, தூக்குலேங்கேன்!"

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் "ஷ்ஷ்!" என்றார். எல்லாம் அடங்கியது. லோடு ஏறி முடிந்தது. நான் பேக்கிங் ஸ்லிப்பில் என் பேரை எழுதி, கீழே சுழித்து ஒரு கோடும் போட்டுக் கொடுத்தேன்.

ஐந்து மணிக்கு பெல் அடிக்கிற நேரம், குடோன்காரர் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பென்சில் பாக்கெட் அறுபத்தொன்று மிச்சம். ஒன்றுகூட மிஞ்சக் கூடாத சரக்கு.

விஷயம் ஒரு நிமிஷத்தில் வெளியே வந்தது. டீக்குப் பிறகு பென்சில் அக்காவுக்குச் சரக்கு தீர்ந்திருக்கிறது. எடுத்துவர குடோனுக்குப் போயிருக்கிறார். எப்போதும் அப்படிப் போகும்போது "பென்சில் போறேன்!" என்று ஒரு குரல் கொடுப்பார். பக்கத்தில் இருக்கிற சாட்டை, மேசைக்கடியில் இருக்கும் கைச்சரக்கை எடுத்து, "சாட்டை! பென்சில்!" என்று இரண்டையும் சேர்த்துப் போடுவாள். அன்றைக்குக் குரல் கொடுக்க முடியாது. கையால் ஜாடை காட்டியிருக்கிறார். சாட்டை அதை வேறு அவசரம் என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறாள். குடோனில் கால் மணி நேரம். பென்சில் இல்லாமலே பெட்டிகள் போயிருக்கின்றன. தாளில் மட்டும் எல்லாவற்றிலும் பென்சில் இருந்தது. நான் போட்ட டிக்.

மேனேஜரின் டை இறுகிவிட்டது. "யார் கையெழுத்து இது?"

"என்னோடது சார்."

"எந்தப் பெட்டியில இல்லன்னு எப்படிக் கண்டுபிடிக்க? ஐநூறையும் இறக்கிப் பிரிக்கணும். பிரிச்ச பெட்டிய எவன் வாங்குவான்? லாரி இன்னைக்குப் போகாது. பார்ட்டிகிட்ட நான் என்னன்னு சொல்ல? கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடவா உன்ன வச்சிருக்கு? நாளைக்கு நீ வர வேண்டாம்."

எனக்கு டீக்கடை பெஞ்சுதான் தெரிந்தது. அதில் உட்கார்ந்து அய்யா இந்நேரம் யாரிடமோ லாரியையும் கேட்டையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பழகிய கையெழுத்து. ஏழு மாசம்கூட உழைக்கவில்லை. முதலாளி அண்ணாச்சி லாரியை அனுப்பிவைக்கத் தேங்காய் சூடத்தோடு வந்தவர், தேங்காயை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது செட்டக்கா கேட்டார்: "பெல்லு அடிச்சிருச்சா?"

"அடிச்சிருச்சு" என்றார் குடோன்காரர்.

"அப்பப் பேசலாமா?" என்று மேனேஜரைப் பார்த்துக் கேட்டார்.

"பேசுங்களேன்மா! இனிமே பேசி என்ன ஆகப் போகுது?"

செட்டக்கா லாரிப் பக்கம் திரும்பினார். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த குரல் அது. கருவேலங்காட்டில் உட்கார்ந்திருந்த கொக்கெல்லாம் எழுந்துவிட்டன.

"ஏலே லோடு! தலகீழா நிக்கிற மயிலையெல்லாம் எறக்குலே!"

லோடுமேன் வாயைப் பிளந்தான். பிறகு பாய்ந்து ஏறினான். ஒன்று, இரண்டு என்று ஆறு அட்டைப்பெட்டிகள் இறங்கின. ஆறிலும் மயில் தலைகீழ். உள்ளே பத்துப் பத்தாக அறுபது பெட்டி. முதல் பெட்டியைத் திறந்தோம். பென்சில் இல்லை. இரண்டாவது. இல்லை. கடைசிப் பெட்டி வரைக்கும் ஒன்றிலும் இல்லை. வேறு எந்தப் பெட்டியையும் தொட வேண்டியிருக்கவில்லை.

"எப்படிம்மா?" என்றார் முதலாளி.

"பென்சிலு மேல கெடந்தா மூடி கொஞ்சம் முரண்டு பிடிக்கும் அண்ணாச்சி. நாம ஒரு அமுக்கு அமுக்கணும். டீக்குப் பெறகு கொஞ்ச நேரம் வந்த மூடியெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டுச்சு. அம்புட்டு நல்ல மூடிய நான் பாத்ததே இல்ல. சந்தேகம் வந்திருச்சு." பலகையைக் காட்டினார். "பேசக் கூடாதுன்னுட்டாக. கையக் கட்டலையே? எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து மயிலத் தலகீழா நிக்க வச்சேன். பெல்லு அடிக்கவும் சொல்லிக்கிடலாம்னு."

என் பெயரை அவர் சொல்லவில்லை. என்னிடம் வந்து சொன்னதையும், நான் விரல் நீட்டியதையும் அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் யாரிடமும் சொன்னதில்லை.

மேனேஜர் கூடையை எண்ணிக்கொண்டிருந்தார். "அறுபதுதானே கிடைச்சிருக்கு? மிச்சம் அறுபத்தொண்ணு! இன்னும் ஒண்ணு லாரிக்குள்ள எங்கயோ இருக்கு. அப்ப எல்லாத்தையும் பிரிச்சுத்தான் ஆகணும்." தோற்றுக்கொண்டிருப்பவர் கடைசியாகப் பிடித்த கொம்பு அது.

"அந்த ஒண்ணு லாரியில இல்ல சார்" என்றார் செட்டக்கா. சட்டைப் பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்தார். கண்ணாடி அறையை நோக்கி நீட்டினார். மேனேஜரின் மேசை மேலே, ரிப்பன் கட்டி, ஊதுபத்தி மட்டும் கொளுத்தாத குறையாக, மாடல் பெட்டி.

மேனேஜர் உள்ளே போனார். ரிப்பனை அவிழ்த்தார். மூடியைத் தூக்கினார். பிறகு மெதுவாக மூடினார். மூடி சொன்ன பேச்சுக் கேட்டது.

முதலில் சிரித்தது முதலாளி அண்ணாச்சி. "மாப்ளே, ஒங்க பெட்டியும் செட்டாகல போலருக்கே!" என்றார். அவ்வளவுதான், இருபத்தொரு அயிட்டமும் ஒரே நேரத்தில் வெடித்தன. அணுகுண்டு மேசையில் அடித்துச் சிரித்தாள். மேனேஜரும் கடைசியில் டையைத் தளர்த்திக்கொண்டு சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரும் நல்ல மனிதர்தான்.

"வாங்கட்டி!" என்றார் செட்டக்கா. பெண்கள் மேசையில் நின்றார்கள். திறந்த பெட்டிகள் வரிசையாக வந்தன. போட வேண்டியது பென்சில் மட்டும்தான். ஆனாலும் ஒவ்வொருத்தியும் தன் அயிட்டம் உள்ளே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, பேரைச் சொல்லித்தான் அனுப்பினாள். "குருவி! லட்சுமி! ஓலை!" ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. பென்சில் அக்கா ஒவ்வொரு பாக்கெட்டையும் மாலை போடுவது போலப் போட்டார். அமுக்கு. "செட்!" புது ஒட்டுத்தாள் ஒட்டி, ஆறு அட்டைப்பெட்டியும் இந்தத் தடவை மயில் தலை நிமிர்ந்து ஏறின.

பழைய ஸ்லிப்பை முதலாளி கிழித்தார். புது ஸ்லிப்பை என்னிடம் நீட்டினார். "போடு தம்பி. கண்ணத் தொறந்துக்கிட்டுப் போடு."

என் பேனா எழுதவில்லை. நாள் முழுக்கப் பொய் டிக் அடித்துத் தீர்ந்திருந்தது. உதறினேன், தேய்த்தேன், வரவில்லை. செட்டக்கா தன் பேனாவை நீட்டினார். எத்தனை வருஷமாகச் சும்மா இருந்த பேனாவோ. வைத்த உடனே எழுதியது. இந்தத் தடவை கீழே சுழித்துக் கோடு போடவில்லை.

நான் எழுதி முடித்ததும் மேசைக் கடைசியிலிருந்து செட்டக்கா கத்தினார்: "கையெழுத்து!"

மொத்த மேசையும் கத்தியது: "கையெழுத்து!"

"செட்!"

தேங்காய் உடைந்தது. லாரி கேட்டைத் தாண்டியது. அய்யா டீக்கடையில் சொன்னது அன்றைக்கு ஒரு நாளாவது உண்மை.

மறுநாள் காலையில் நான் எழுதிய பலகையைச் சுவரில் காணோம். எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து, அதன் மேல் டீ கேன் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்துக்கு அது நன்றாகவே பொருந்தியது. அன்றிலிருந்து ஒரு லோடு முடியும் ஒவ்வொரு தடவையும், கடைசிப் பெட்டியில் பென்சிலுக்குப் பிறகு, நான் மேசையோரம் நின்று "கையெழுத்து!" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் செட்டக்கா மூடுவார். எனக்கும் ஒரு அயிட்டம் கிடைத்துவிட்டது. ஆனாலும் சாப்பாடு மூடியில்தான் வந்தது. 'தம்பி, வாங்க' மாறவில்லை.

அடுத்த வருஷம் பி.எட். இடம் கிடைத்துப் போனேன். பிறகு வாத்தியார் வேலை. ஒரு தீபாவளி சீசனில் அந்தப் பக்கம் போனபோது இறங்கி நடந்தேன். மத்தியான வெயில். ஷெட்டுக்கு வெளியே நின்றபோதே மேசை பாடிக்கொண்டிருந்தது கேட்டது. லோடு முடிகிற நேரம் போல. எட்டிப் பார்த்தேன். என் இடத்தில் புதுப் பையன், கையில் ரப்பர் ஸ்டாம்ப். கையெழுத்தே கிடையாது இப்போது.

"சாட்டை! பென்சில்!" அடுத்து மொத்த மேசையும் சேர்ந்து, "கையெழுத்து!" பிறகுதான் அமுக்கு. "செட்!"

உள்ளே போனேன். ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். பென்சில் அக்கா இன்னும் கொஞ்சம் அகலமாகியிருந்தார். செட்டக்காவின் சட்டைப் பையில் அந்தப் பேனா இருந்தது.

"என்னக்கா, இப்பத்தான் ஸ்டாம்ப் வந்திருச்சே. யாரு கையெழுத்துப் போடுறா? இன்னும் எதுக்கு அதச் சொல்றீக?" என்றேன்.

செட்டக்கா என்னைப் பார்த்தார். தூக்குச்சட்டியைத் திறந்து நடுவில் வைத்து, பக்கத்தில் இருந்த குருவியை நகரச் சொல்லி, இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"ஏலே, உக்காருலே. நீ இல்லாம எப்படிலே செட்டாகும்?"

மூடியைத் தேடினேன். அவர் எடுக்கவே இல்லை. எல்லோரோடும் சேர்ந்து நானும் தூக்குச்சட்டியில் கையை விட்டேன்.